புட்வைசர் பாட்டில்ல ஒளிஞ்சிருக்கற ஆளு: ஸ்லாவ் பேர்கள் ஊராவும் குடும்பப் பேராவும் ஆன கதை

புட்வைசர்னு ஒரு பியர் இருக்கறது குடிக்காதவங்களுக்கும் தெரியும். அந்தப் பேருக்குள்ள ஒரு ஆளு இருக்கான், அவன் பேரு புடிவோய். செக் நாட்டோட தெற்குப் பகுதியில செஸ்கே புத்யெயோவித்சேன்னு ஒரு ஊரு, 1265ல ராஜா இரண்டாம் ஒட்டோகர் கட்டினது. அதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் புடிவோய்ங்கிறவனோட ஆளுங்க குடியிருந்த ஒரு கிராமம் இருந்துச்சு, அந்தப் பேரைத்தான் புது ஊருக்கும் வச்சாங்க. ஜெர்மன்காரங்க வாயில அது புட்வைஸ் ஆச்சு, புட்வைஸ் ஊர்ச் சரக்கு புட்வைசர் ஆச்சு. 1876ல அமெரிக்காவுல ஒரு கம்பெனி அந்தப் பேருல பியர் போட ஆரம்பிச்சுது, 1895ல சொந்த ஊர்லயே இன்னொரு பியர் கம்பெனி கிளம்புச்சு, ரெண்டு பேரும் நூறு வருஷத்துக்கு மேல கோர்ட் கோர்ட்டா அலையறாங்க. சண்டை போடற ரெண்டு தரப்புமே இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கறது யாரோ ஒரு பழங்காலத்து செக்காரன் பேரை.

புடிவோய்ங்கிறதே ரெண்டு சொல் சேர்ந்தது. புடின்னா எழுப்பு, வோய்னா போர்வீரன், படை. இப்படி ரெண்டு துண்டை ஒட்டிப் பேரு வைக்கறதுதான் ரஷ்யா, உக்ரைன், போலந்து, செக், செர்பியான்னு பரவியிருக்கற ஸ்லாவ் மக்களோட பழைய வழக்கம், கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடி இருந்தே. துண்டுகள் ரொம்ப இல்ல, திரும்பத் திரும்ப அதே சிலதுதான் வரும். ஸ்லாவ்னா புகழ், மிர்னா அமைதி இல்லன்னா உலகம், வ்ளாத்னா ஆட்சி, போக்னா கடவுள், ஸ்வ்யாத்னா புனிதம், யார்னா உக்கிரம், போலேன்னா அதிகம். இதைக் கலைச்சுக் கலைச்சு அடுக்கினா யாரோஸ்லாவ், மிரோஸ்லாவ், போலெஸ்லாவ், ஸ்வ்யாதோஸ்லாவ், பொக்தான்னு வந்துக்கிட்டே இருக்கும். எல்லாமே சாந்தமான வாழ்த்துன்னு நினைச்சிராதீங்க, ம்ஸ்டிஸ்லாவ்னா பழிவாங்கிப் புகழ் பெறுறவன், போலந்து ராஜாக்கள் வச்சுக்கிட்ட காசிமிர்ல இருக்கற முதல் துண்டுக்கு அர்த்தம் கெடு, அழி. அமைதியைக் கெடுக்கறவன்! அதே போலந்துல ஸ்பிக்னியெவ்னு ஒரு பேரும் இருக்கு, கோபத்தை விட்டொழிச்சவன்னு அர்த்தம், ஒரே தெருவுல ரெண்டு பேரும் குடியிருந்தா சரியாப் போயிரும்.

விளாடிமிர்னா உலகை ஆள்பவன்னு நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. ஆனா பழைய கையெழுத்துல அந்தக் கடைசித் துண்டு மிர்னு இல்லாம மேர்னு வருது, அது வால்டெமார் மாதிரி ஜெர்மானியப் பேர்கள்ல வர்ற, பெரிய, பேர்பெற்றன்னு அர்த்தம் இருக்கற துண்டுக்குச் சொந்தம்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. உலகம், அமைதி எல்லாம் பின்னாடி ஜனங்க தங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக்கிட்டது.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த மொழிகள்ல ஒரு ஆளோட பேரை எடுத்து, இது யாரோடதுன்னு கேட்டா பதில் சொல்ற மாதிரி ஒரு சின்ன வாலை ஒட்டினாப் போதும், ஊருக்கும் பேரு ரெடி, பரம்பரைக்கும் பேரு ரெடி. ரெண்டுக்கும் தனித்தனி முறை கிடையாது, ஒரே இலக்கணம்தான். அதனால ஐரோப்பா மேப்பைப் பிரிச்சா பாதிக் கண்டம் முழுக்க செத்துப்போன ஆளுங்களோட சொத்துப் பத்திரம் மாதிரி கிடக்குது. அதுல முக்காவாசிப் பேரை இன்னிக்கு யாரும் குழந்தைக்கு வைக்கறது கூட இல்ல, ஊர்ப் பேருலயும் குடும்பப் பேருலயும் மட்டும் உயிரோட இருக்குது.

எந்தெந்த வால்னு பார்த்தா, ரொம்பப் பழசு வெறும் ய் சத்தம். யாரோஸ்லாவ்ங்கிற பேரோட கடைசியில அந்த ய் சேர்ந்து, வ்-வை ய் கலந்த மாதிரி மெலிய வச்சு, கூடவே ஒரு ல்-லையும் இழுத்துட்டு வந்து யாரோஸ்லாவ்ல் ஆகும், யாரோஸ்லாவோட ஊரு. ரஷ்யாவுல வோல்கா கரையில இருக்கு, 1010ல அறிவாளி யாரோஸ்லாவ் கட்டினார்னு மரபு, 2010ல ஆயிரமாவது வருஷம் கொண்டாடினாங்க. போலந்துப் பக்கம் அந்த ல் வரல, வ் மட்டும் மெலிஞ்சுது, அப்புறம் காலப்போக்குல அந்த மெலிவும் காதுல விழாமப் போச்சு, அதனால ஆளு பேரும் ஊரு பேரும் பார்க்க ஒண்ணாவே ஆயிருச்சு. போலந்துல யாரோஸ்வாஃப்னு ஒரு ஊரு இருக்கு, யாரோஸ்வாஃப்னு ஆளுங்களும் இருக்காங்க, எழுதினா ஒரு எழுத்து வித்தியாசம் இல்ல. ஆனா வேற்றுமை உருபு போட்டுப் பாருங்க, யாரோஸ்வாஃப்ங்கிற ஆளோடதுன்னா யாரோஸ்வாவா, யாரோஸ்வாஃப் ஊரோடதுன்னா யாரோஸ்வாவ்யா. அந்த யா-வுல எட்டிப் பார்க்கறதுதான் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒட்டின ய். போலந்துப் பசங்க இலக்கணம் படிக்காமயே இதைச் சரியாச் சொல்றாங்க, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இது.

வ்ரோத்ஸ்வாஃப் நகரமும் இதே கணக்குதான், வ்ராதிஸ்லாவ்ங்கிற பொஹீமியா (இப்ப செக் நாடு) பிரபுவோட பேருல வந்ததுன்னு சொல்றாங்க, ஜெர்மன்ல அது பிரெஸ்லாவு. போஸ்னான், ப்ஷெமிஷ்ல், ராசிபுஷ் எல்லாத்துலயும் ஒரு ஆளு உட்கார்ந்திருக்கான். ஸ்கோடா கார் தயாராகற ஊர் பேரு ம்லாதா போலெஸ்லாவ், அதாவது இளைய போலெஸ்லாவ் ஊரு, இரண்டாம் போலெஸ்லாவ் 10ஆம் நூற்றாண்டு கடைசியில நிறுவினது. பக்கத்துல ஸ்தாரா போலெஸ்லாவ்னு பழைய ஊர் ஒண்ணு இருந்ததால இதை இளையதுன்னாங்க. அந்தப் பழைய ஊர்லதான் முதலாம் போலெஸ்லாவ் தன் அண்ணன் வாத்ஸ்லாவைக் கொன்னான், செத்தவர் புனிதர் ஆயிட்டார், இன்னிக்கும் செக் நாட்டோட காவல் புனிதர் அவருதான். ஸ்கோடாங்கிறது தனிக் கதை, அது பில்சன் ஊர் தொழிலதிபர் ஒருத்தரோட குடும்பப் பேரு, செக் மொழியில அந்தச் சொல்லுக்கு நஷ்டம், அய்யோ பாவம்னு அர்த்தம். கார் விக்கறவங்க இதைப் பெருசா விளம்பரப்படுத்தறதில்ல.

அடுத்த வால் ஓவ், எவ். கீவ்னா கீயோட ஊரு, பழைய வரலாற்று ஏட்டுல கீ, ஷ்செக், ஹோரிவ்னு மூணு அண்ணன் தம்பிங்க, லிபித்னு ஒரு தங்கச்சி, மூத்தவன் பேருல நகரம்னு கதை இருக்கு. உண்மையில அப்படி ஒருத்தன் இருந்தானோ இல்லையோ, இலக்கணம் சொல்றது அதைத்தான். கிராக்கோவ்னா கிராக்கோட ஊரு, அவனும் கதையில வர்ற ராஜா. லிவிவ் மட்டும் கதை இல்ல, ஹாலிச் ராஜா தானிலோவோட பையன் லெவ், அவன் பேருல 1256லயே ஏட்டுல வருது. லெவ்னா சிங்கம், அதான் அந்த ஊர் முத்திரையில சிங்கம் நிக்குது. பேரு ஆ சத்தத்துல முடிஞ்சா ஓவ் வராது, இன் வரும், நிகிதாவோடது நிகிதின்.

நாலாவது இட்சி, இச். இன்னாரோட வாரிசுங்க, ஆளுங்கன்னு அர்த்தம். புடிவோய் ஊரோட கடைசியில இருக்கற வித்சேவும் செர்பியா, குரோஷியாக்காரங்க பேரு கடைசியில வர்ற விச்சும் கூடப்பொறந்தவங்க, ஒண்ணு கூட்டமா ஊர்ல உட்கார்ந்துருச்சு, இன்னொண்ணு ஒத்தை ஆளு பேருல ஒட்டிக்கிச்சு. நோவாக் ஜோகோவிச்சையே எடுத்துக்கங்க. ஜோகோங்கிறது ஜோர்ஜேவோட செல்லப் பேரு, ஜோர்ஜேன்னா ஜார்ஜ். ஜோகோ வீட்டுப் பிள்ளை ஜோகோவிச். அவர் முதல் பேரு நோவாக்னா புதுசா வந்தவன், செர்பியாவுல அது ஆளுக்கு வைக்கற பேரு, செக்குலயும் ஸ்லோவேனியாவுலயும் அதுதான் இருக்கறதுலயே அதிகம் பேர் வச்சிருக்கற குடும்பப் பேரு. ஒரே சொல், எல்லை தாண்டினா வேலை மாறிடுது.

ஜெர்மனி கிழக்குப் பக்கமும் இந்த வால்கள் நிறைய. ஓவ்ல முடியற ஊரு, இட்ஸ்ல முடியற ஊரு எல்லாம் ஒரு காலத்துல அங்க இருந்த ஸ்லாவ் மக்கள் விட்டுட்டுப் போனது. பெர்லின்லயே ட்ரெப்டோவ்னு ஒரு பகுதி இருக்கு, அந்தக் கடைசி வ்-வை அங்க யாரும் உச்சரிக்கறதில்ல, ட்ரெப்டோன்னுதான் சொல்வாங்க. ராட்ஸெபுர்க்ங்கிற ஊரு ரதிபோர்ங்கிற ஸ்லாவ் தலைவனோட செல்லப் பேருல வந்தது, போலந்துல இருக்கற ராசிபுஷ்ஷுக்குள்ள இருக்கறதும் அதே ரதிபோர்ங்கிற பேருதான். இதுல பெரிய கூத்து ஸ்லோவாக்கியா தலைநகரம். 1919ல அதுக்கு பிராட்டிஸ்லாவான்னு பேரு வச்சாங்க, ஜெர்மன் பேரான பிரெஸ்புர்க்கை ஒழிச்சு ஸ்லாவ் பேரு வைக்கறோம்னு பெருமையா. அந்தப் பேரோட அஸ்திவாரம் 19ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷஃபாரிக் இது ப்ரெட்டிஸ்லாவ் ராஜாவோட ஊருன்னு தப்பா யூகிச்சது. ஆனா 907 வாக்குல வர்ற பழைய எழுத்துல இருக்கற பேரு பிரெஸலாவ்ஸ்புர்க், ப்ராஸ்லாவ் இல்லன்னா ப்ரெட்ஸ்லாவ்னு ஒரு ஸ்லாவ் ஆளோட கோட்டை. ஜெர்மன் பேருன்னு தூக்கிப் போட்டதுலதான் அசல் ஸ்லாவ் ஆளு இருந்திருக்கான்.

சரி, இந்தப் பேர்கள் எல்லாம் இவ்வளவு அழகா இருக்கறப்போ ரஷ்யாவுல ஏன் எங்க பார்த்தாலும் இவான், செர்கேய், திமித்ரி, நதாஷா, தத்யானா? இதுல ஒண்ணு கூட ஸ்லாவ் பேரு இல்ல. இவான் ஹீப்ரூவுல இருந்து கிரேக்கம் வழியா வந்த யோவான், திமித்ரி கிரேக்கம், செர்கேய் லத்தீன். சுத்த ரஷ்யன்னு நாம நினைக்கற ஓல்கா, ஓலெக், ஈகோர் கூட கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளோட ஹெல்கா, ஹெல்கி, இங்வார்தான். காரணம் 988. கீவ் ராஜா விளாடிமிர் பைசாந்தியக் கிறிஸ்தவத்துக்கு மாறி வசீலின்னு ஞானஸ்நானப் பேரு வாங்கினார், அவர் பாட்டி ஓல்கா அதுக்கு முன்னாடியே எலேனா ஆயிருந்தார். சர்ச் நாட்காட்டியில இருக்கற புனிதர் பேரு மட்டும்தான் ஞானஸ்நானத்துக்குச் செல்லும், அந்த நாட்காட்டி கிரேக்க சர்ச்சுல இருந்து வந்தது.

ஆனா ஜனங்க உடனே பழசை விட்றல. ரொம்ப நாளு ஆளுக்கு ரெண்டு பேரு, ஒண்ணு சர்ச்சுக்கு, ஒண்ணு வீட்டுக்கு. அறிவாளி யாரோஸ்லாவுக்கு ஞானஸ்நானப் பேரு கியோர்கி, பேச்சுல யூரி. வீட்டுப் பேரால யாரோஸ்லாவ்ல் கட்டினவர், 1030ல இப்ப எஸ்தோனியாவுல இருக்கற இடத்தைப் பிடிச்சு ஒரு கோட்டை கட்டி அதுக்கு சர்ச் பேரால யூரியெவ்னு வச்சார். இன்னிக்கு அந்த ஊர் பேரு தார்த்து. ஒரே ஆளு, ரெண்டு பேரு, ரெண்டு ஊரு, ஒண்ணுல பழைய வால் ய், இன்னொண்ணுல எவ்.

சாதாரண ஆளுங்ககிட்ட இது எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வடமேற்கு ரஷ்யாவுல இருக்கற நோவ்கொரோத் மண்ணைத் தோண்டணும். 1951ல இருந்து அங்க பூர்ச்ச மரப்பட்டையில கீறி எழுதின லெட்டர்கள் கிடைச்சுக்கிட்டே இருக்கு, ஆயிரத்துக்கும் மேல ஆச்சு, ஈரச் சேறு அதைக் கெடாமக் காப்பாத்தி வச்சிருக்கு. அதுல 109ஆம் நம்பர் லெட்டர் கிட்டத்தட்ட 1100 வாக்குல எழுதினது. ஷிஸ்னோமிர்ங்கிறவன் மிக்குலாவுக்கு எழுதறான்: நீ ப்ஸ்கோவ்ல ஒரு அடிமைப் பெண்ணை வாங்கின, இப்ப ராணி அதுக்காக என்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க, சேனை ஆளுங்க எனக்கு ஜாமீன் நின்னிருக்காங்க, அந்த ஆளுகிட்ட இன்னொரு அடிமை இருக்கான்னு லெட்டர் போட்டுக் கேளு, நான் குதிரை வாங்கி ராஜாவோட ஆளை ஏத்திக்கிட்டு விசாரணைக்குப் போறேன், நீ அந்தப் பணத்தை இன்னும் வாங்கலன்னா அவன்கிட்ட எதையும் வாங்காத. அதாவது திருட்டுச் சரக்குக் கேஸ், மாட்டினது ஷிஸ்னோமிர். விஷயத்தை விடுங்க, பேரைப் பாருங்க. எழுதறவன் பேரு பக்கா பழைய ஸ்லாவ், ஷிஸ்ன்னா வாழ்க்கை. வாங்கறவன் மிக்குலா, நிக்கோலாவோட நாட்டு உச்சரிப்பு, சர்ச் பேரு. மதம் மாறி நூறு வருஷம் ஆகியும் ரெண்டும் ஒரே வியாபாரத்துல கூட்டாளி.

பழைய பேரு சர்ச்சுக்குள்ள நுழையறதுக்கு ஒரே குறுக்குவழி, அந்தப் பேரு வச்ச ஆளே புனிதர் ஆகணும். விளாடிமிர் அப்படித்தான் தப்பிச்சுது. 1015ல கொலையான அவர் பிள்ளைங்க போரிஸும் க்ளெப்பும் ஞானஸ்நானத்துல ரொமான், தாவீது, ஆனா ஜனங்க கும்பிட்டது போரிஸ், க்ளெப்னுதான், அதனால அந்தப் பேரே நாட்காட்டியில ஏறிருச்சு. இன்னொரு வழி மொழிபெயர்ப்பு, கிரேக்கத்துல இருந்த விசுவாசம், நம்பிக்கை, அன்புங்கிற மூணு புனிதைகளை அப்படியே வேரா, நதேஷ்தா, லியுபோவ்னு ரஷ்யாக்கிக்கிட்டாங்க. ஸ்வெத்லானாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, அது 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கவிஞர்கள் உருவாக்கின பேரு, ஒரு கதைப்பாட்டு வழியா பிரபலமாச்சு, ரொம்ப நாளு சர்ச்சுல ஸ்வெத்லானாவைக் கொண்டுபோனா ஃபொத்தீனான்னுதான் ஞானஸ்நானம் கொடுப்பாங்க.

மேற்க போலந்து, செக் பக்கம் நிலைமை வேற. அங்கயும் யான், பியோத்ர், ஆன்னா எல்லாம் வந்துச்சு, ஆனா உள்ளூர்ப் பேரு வச்ச பெரிய புனிதர்கள் சீக்கிரமே கிடைச்சுட்டாங்க. வாத்ஸ்லாவ், அவர் பாட்டி லுத்மிலா, 997ல பிரஷ்யர்கள் கொன்ன பிராக் பிஷப் வோய்ச்சியெக், 1079ல ராஜாவோட சண்டையில செத்த கிராக்கோவ் பிஷப் ஸ்தானிஸ்வாஃப். அதனால அங்க பழைய பேர்கள் செழிப்பாவே ஓடுது. பதினாறாம் நூற்றாண்டுல இயேசு சபையில சேர்ந்து சின்ன வயசுலயே செத்த இன்னொரு ஸ்தானிஸ்வாஃப் கோஸ்ட்கா புனிதர் ஆனப்புறம், அந்தச் சபை போன இடமெல்லாம் அந்தப் பேரும் போச்சு, நம்ம பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள்ல ஸ்தனிஸ்லாஸ்னு பெரியவங்க இருக்கறது அப்படி வந்ததுதான்.

கிழக்கே, சர்ச்சுக்கு வெளிய, பேரு வேற ரூட்ல ஓடிட்டு இருந்துச்சு. வீட்ல கூப்பிடற பேரு. முதல்ல பொறந்தவன் பெர்வுஷா, மூணாவது த்ரெத்யாக், ரொம்ப நாளு காத்திருந்து பொறந்தவன் ஷ்தான், எதிர்பாராம வந்தவன் நெஷ்தான், அழகா இருக்கற குழந்தைமேல கண்ணு படக் கூடாதுன்னு நெக்ராஸ், அழகில்லாதவன்னு அர்த்தம். நம்ம ஊர்ல குப்பன், பிச்சைன்னு வச்ச அதே பயம், அதே தந்திரம். செர்பியாவுல வூக்னா ஓநாய், செர்பிய மொழிக்கு அகராதி எழுதின வூக் கராஜிச் 1787ல பொறந்தவர், எனக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்க தங்காததால சூனியக்காரிங்க தின்னாம இருக்கணும்னு ஓநாய்னு வச்சாங்கன்னு அவரே எழுதி வச்சிருக்கார். இந்த வீட்டுப் பேருங்க எல்லாம் இன்னிக்கு எங்க? நெக்ராஸோவ், ஷ்தானோவ், த்ரெத்யாகோவ். மாஸ்கோவுல ஓவியம் பார்க்க கூட்டம் அலைமோதற த்ரெத்யாகோவ் கேலரியோட பேருக்குள்ள இருக்கறது யார் வீட்டு மூணாவது பையனோ.

இந்த ஓவ் எப்படி குடும்பப் பேரு ஆச்சுங்கறதுல ஒரு அந்தஸ்து அரசியலும் இருக்கு. பழைய மாஸ்கோவுல இவான் பெட்ரோவிச்னு விச் போட்டு எழுதிக்கறது பெரிய மனுஷங்களுக்கு மட்டும் உள்ள உரிமை, ஜார் கொடுத்தாத்தான். ஸ்ட்ரோகனோவ் மாதிரி பெரும் வியாபாரிக் குடும்பத்துக்கு ஸ்பெஷலா அந்த உரிமை கொடுத்தாங்க. சாதாரண ஆளு இவான் பெட்ரோவ் ஸின்னு எழுதணும், பியோத்ரோட மகன் இவான். ஸின்னா மகன். அந்த மகன்ங்கிற சொல் உதிர்ந்துபோய் பெட்ரோவ் மட்டும் நின்னு, அடுத்த தலைமுறைக்கும் மாறாம ஒட்டிக்கிட்டா அதுதான் குடும்பப் பேரு. 1470 வாக்குல பாமினி சுல்தானகத்துல பீதர் வரைக்கும் வந்துட்டுப் போன த்வெர் ஊர் வியாபாரி அஃபனாசி நிகிதினை நாம நிகிதின், நிகிதின்னு குடும்பப் பேரு மாதிரி சொல்றோம், அது அப்பா பேரு, நிகிதாவோட மகன் அவ்வளவுதான். பிரபுக்களுக்கு முதல்ல நிலைச்சுது, விவசாயிகள்ல நிறைய பேருக்கு 1861ல பண்ணையடிமைத்தனம் ஒழிஞ்சப்புறம்தான் பதிவுல ஏறுச்சு. பிரபுக்கள் கல்யாணத்துக்கு வெளிய பெத்த பிள்ளைக்கு தலையை வெட்டின பேரு கொடுக்கறது ஒரு வழக்கம், த்ருபெத்ஸ்கோய் பையன் பெத்ஸ்கோய், ரெப்னின் பையன் ப்னின். அசிங்கத்தை மறைக்கறேன்னு ஊருக்கே அறிவிச்ச மாதிரி.

செக்காரங்க குடும்பப் பேருல மட்டும் வேற ஒரு விளையாட்டு, வினைச்சொல்லையே பேரா வச்சுப்பாங்க. நவ்ராதில்னா திரும்பி வந்தான். அப்போ டென்னிஸ் மார்ட்டினா நவ்ராதிலோவா திரும்பி வந்தவனைச் சேர்ந்தவள். அந்த ஓவா பழைய ஓவ்வோட பெண்பால்தான், யாரோடதுங்கற கேள்வி அங்க பொண்ணுங்க மேலயும் ஒட்டிக்கிச்சு. இது பிடிக்காத பொண்ணுங்க ரொம்ப நாளு சண்டை போட்டாங்க, 2022 ஜனவரி 1ல இருந்து செக் சட்டம் ஓவா வேணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணிக்கலாம்னு மாறிருச்சு. இதைக் கேட்டு மொழி கெட்டுப்போச்சுன்னு புலம்பினவங்களும் உண்டு, ஆண்களோட பேரு மாறும்போது கெடாத மொழி இதுக்கு மட்டும் கெடுமான்னு எனக்குத் தோணுது.

ஸ்கி தலைகீழ் ரூட். அது ஊர்ல இருந்து ஆளுக்கு வர்றது. தோஸ்தோயெவோங்கற பெலாரஸ் கிராமம் முன்னோர்கள் கையில இருந்ததால தோஸ்தோயெவ்ஸ்கி. போலந்துல நிலம் வச்சிருந்த மேல்குடிங்க ஸ்கியை ஆக்கிரமிச்சதால, பின்னாடி சாதாரண கொல்லன் கோவால் கூட கோவால்ஸ்கி ஆனான், கெத்தா இருக்கும்னு.

ஆளும் ஊரும் இப்படி மாத்தி மாத்தி பேரு கடன் வாங்கறதுக்கு நான் பார்த்ததுலயே உச்சம் கெண்ட்ஷின் ஊரு. கிழக்குப் பிரஷ்யாவுல லோட்சன் ஊர்ல 1838ல அடால்பெர்ட் ஃபான் விங்க்ளர்னு ஒருத்தர் பொறந்தார். வளர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுது, தன் குடும்பம் அசல்ல போலந்து வடக்குல கஷூபியாங்கற பகுதியில கெண்ட்ஷினோங்கற ஊர்ல இருந்து வந்த கெண்ட்ஷின்ஸ்கி குடும்பம், பின்னாடி ஜெர்மன் ஆனதுன்னு. உடனே பேரை மாத்திக்கிட்டார், விங்க்ளர் போய் கெண்ட்ஷின்ஸ்கி, அடால்பெர்ட் போய் வோய்ச்சியெக். அந்த மாற்றம் கூட சும்மா இல்ல, அந்த பிராக் பிஷப் வோய்ச்சியெக்குக்கு இன்னொரு பேரு அடால்பெர்ட், ரெண்டும் ஒரே புனிதர். அப்புறம் அவர் போலந்து வரலாற்று அறிஞரா பேரெடுத்து செத்துட்டார். 1945ல அந்தப் பகுதி போலந்து கைக்கு வந்துச்சு, ஜெர்மன் ஊர்ப் பேர் ஆயிரக்கணக்குல மாத்தணும், அதுக்குன்னே கமிட்டி போட்டாங்க. பழைய ஸ்லாவ் பேரு தெரிஞ்ச ஊருக்கு அது, தெரியாததுக்கு மொழிபெயர்ப்பு, சில ஊருக்கு அறிஞர்கள் பேரு. ஹிட்லரோட ஓநாய்க் குகைக்குப் பக்கத்துல இருந்த ராஸ்டன்புர்க்குக்கு 1946ல வந்த பேரு கெண்ட்ஷின். ஊர்ல இருந்து ஆளுக்குப் போன பேரு, ஆளு வழியா இன்னொரு ஊருக்கு இறங்கிருச்சு.

சோவியத்காரங்க இந்த மிஷினை ஃபுல் ஸ்பீடுல ஓட்டினாங்க. உல்யான்ங்கறது ஜூலியனோட ரஷ்ய நாட்டு வடிவம், அதுல இருந்து உல்யானோவ், அது லெனினோட நிஜக் குடும்பப் பேரு, அவர் பொறந்த சிம்பீர்ஸ்க் 1924ல உல்யானோவ்ஸ்க் ஆச்சு, இன்னிக்கும் அதான். புஷ்கான்னா பீரங்கி, அந்தப் பட்டப்பேரு வச்ச க்ரிகோரி புஷ்காவோட வம்சம் புஷ்கின், 1937ல கவிஞர் செத்து நூறு வருஷம்னு ஜார் அரண்மனை இருந்த ஊருக்கு புஷ்கின்னு பேரு. இங்கயும் இலக்கணம் ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு: புஷ்கின்ங்கற ஆளோடன்னா புஷ்கினிம், புஷ்கின் ஊரோடன்னா புஷ்கினொம். கிரோவ்ங்கற தலைவருக்கும் கிரோவ் நகரத்துக்கும் அதே வித்தியாசம். அப்புறம் அந்த ஷ்தான், காத்திருந்து பொறந்த பிள்ளை, அவன் வழி வந்த பேரு வச்ச அந்த்ரேய் ஷ்தானோவ் சோவியத் தலைவர், செத்ததும் 1948ல அவர் பொறந்த ஊருக்கு ஷ்தானோவ்னு பேரு மாத்தினாங்க. 1989ல ஊர் பழைய பேரைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அந்தப் பழைய பேரு மரியுபோல், 2022ல உலகமே டிவியில பார்த்த அதே மரியுபோல்.

ஸ்டாலினோட பேரு இந்த இலக்கணத்தை நடிக்கற பேரு. ஆளு ஜார்ஜியாக்காரர், ஜுகாஷ்விலி, ஸ்தால்னா எஃகு, அதுல இன் ஒட்டிட்டா பரம்பரை ரஷ்யக் குடும்பப் பேரு மாதிரி காதுல விழும். லெனினும் புனைபேருதான், லீனா நதியில இருந்துன்னு பொதுவா சொல்வாங்க. இப்படி ஒட்டுப்போட்ட குடும்பப் பேரு 1953 மார்ச் 1ல சென்னையில பொறந்த ஒரு குழந்தைக்கு முதல் பேரா ஆச்சு, நாலு நாள் கழிச்சு மார்ச் 5ல மாஸ்கோவுல அந்தப் பேருக்காரர் செத்தார், கருணாநிதி பிள்ளைக்கு அந்தப் பேரையே வச்சார். ரஷ்யாவுல பிள்ளைக்கு ஸ்டாலின்னு முதல் பேரு வைக்கறது அபூர்வம், இங்க லெனின், ஸ்டாலின் எல்லாம் தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க.

நம்ம காதுல விழற இன்னொரு ஊரு விளாதிவோஸ்தோக், சென்னையில இருந்து நேர் கப்பல் பாதைன்னு 2019ல பேச்சு ஆரம்பிச்சுதே, அது. 1860ல நிறுவினது. வ்ளாதின்னா ஆள், வோஸ்தோக்னா கிழக்கு. அதுக்கு முன்னாடியே 1784ல காக்கசஸ் மலையடிவாரத்துல விளாதிகவ்காஸ். ரெண்டும் பார்த்தா விளாடிமிர் மாதிரியே ரெண்டு துண்டு ஒட்டின ஆளு பேரு அச்சுல வார்த்தது, ஆனா உள்ள ஆளே இல்ல, வெறும் கட்டளை.

விளாடிமிர்னு சொன்னதும் இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரெண்டு அதிபர்கள், புதின் விளாடிமிர், ஜெலன்ஸ்கி வொலோதிமிர். ரெண்டும் அதே பேரு. கிழக்கு ஸ்லாவ் பேச்சுல வ்ளா-ங்கறது வொலோ-ன்னு விரியும், க்ராத் கொரோத் ஆகற மாதிரி, அதான் நோவ்கொரோத். விரியாத வ்ளா வடிவம் தெற்கே பல்கேரியாப் பக்கம் இருந்து சர்ச் புத்தகத்தோட வந்த வடிவம், மாஸ்கோ அந்த சர்ச் வடிவத்தை எடுத்துக்கிச்சு, உக்ரைன் பேச்சு வடிவத்தை வச்சுக்கிச்சு. 988ல மதம் மாறின அந்த ராஜாவை அவர் காலத்து ஜனங்க கூப்பிட்டது வொலோதிமேர்னுதான் இருக்கும். அவருக்கு கீவ்ல 1853ல இருந்தே சிலை இருக்கு, 2016ல மாஸ்கோ கிரெம்ளின் பக்கத்துலயும் பெருசா ஒண்ணு நிறுத்தினாங்க, ஏன்னு விளக்க வேண்டியதில்ல.

ஊரும் ரெண்டு. ஒண்ணு உக்ரைன் மேற்குல வொலின் பகுதியில, 988லயே ஏட்டுல வர்றது. இன்னொண்ணு மாஸ்கோவுக்குக் கிழக்க க்ளியாஸ்மா நதிக்கரையில, அதை 1108ல விளாடிமிர் மோனோமாக் கட்டினார்னு மரபு, இல்ல அதுவும் அந்த முதல் விளாடிமிர் 990ல கட்டினதுன்னு ஊர்க்காரங்க வயசைக் கூட்டிச் சொல்றாங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசியில வொலின் பகுதி ரஷ்யப் பேரரசுக்குள்ள போச்சு, ஒரே பேருல ரெண்டு ஊரு இருந்தா குழப்பம்னு பழைய ஊருக்குத்தான் வொலின்ஸ்கின்னு அடைமொழி ஒட்டினாங்க, சின்னவன் சும்மா விளாடிமிராவே இருந்துக்கிட்டான். 2021ல உக்ரைன் பார்லிமென்ட் அந்த வொலின்ஸ்கியை எடுத்துட்டு வெறும் வொலோதிமிர்னு மாத்திருச்சு.